கை கழுவும் திரவம்: ஓட்டலில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு



கை கழுவும் திரவம் செய்யும் குழுக்கள் பலவும் ஓட்டலுக்கும் வீட்டுக்கும் ஒரே பாட்டிலை, ஒரே பேச்சோடு கொண்டுபோகிறார்கள். அங்கேதான் சரக்கு தேங்குது.

ஓட்டல்காரருக்கு வாசனை பெரிசில்லை. கேன் எத்தனை நாள் வரும், தீர்ந்த அன்னிக்கே கொடுப்பீங்களா, பில் உண்டா என்பார். 5 லிட்டர் கேனாகக் கொடுங்கள். முதல் கேன் எத்தனை நாள் வந்தது என்று குறித்து வையுங்கள், அடுத்த ஓட்டலில் அந்தக் கணக்கைக் காட்டலாம். கடன் கேட்பார். பழைய கேனுக்குப் பணம் வந்தால்தான் புதுக் கேன் என்று முதல் நாளே சொல்லிடணும். அங்கே முடங்குவது சங்கப் பணம், அதுக்கு மாசாமாசம் வட்டி ஓடுது.

வீட்டிலோ, "கை சுத்தமாத்தானே இருக்கு?" என்பார்கள். 2002-ல் லைஃப்பாய் சோப்புக் கம்பெனி கிராமங்களில் இதற்கே ஒரு வழி செய்தது. கையில் ஒரு பொடியைத் தடவி, வெறும் தண்ணீரில் கழுவவைத்து, புற ஊதா விளக்கில் காட்டினார்கள். பொடி போகாமல் மின்னியது. சோப்புப் போட்டதும் போனது. நமக்கு விளக்கு வேண்டாம், தேங்காய் எண்ணெய் போதும். தடவி, முதலில் தண்ணீரில் கழுவட்டும், பிறகு நம் திரவத்தில். வித்தியாசம் அவங்க கைக்கே தெரியும். அப்புறம் சின்னப் பாட்டிலை நீட்டுங்கள்.

நோயே வராது என்று மட்டும் சொல்லாதீங்க. லேபிளில் அளவு, விலை, தயாரித்த மாதம், குழு முகவரி இருக்கட்டும். தயாரிப்பு உரிமத்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முன்னாடியே கேளுங்கள்.