ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்: ஓ.ஆர்.எஸ். சரியாகக் கலக்கத் தெரியுமா?

ராத்திரி பதினோரு மணி. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாலாவது தடவையாக வயிற்றால் போகிறது. நல்லவேளை, வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கிறது. "குழந்தை எங்க ஒரு லிட்டர் குடிக்கப் போகுது? ஒரு டம்ளர்ல கொஞ்சம் பொடியைப் போட்டுக் கலக்கிக் குடும்மா" என்கிறார் பாட்டி.

தவறு நடப்பது இந்த இடத்தில்தான். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அளவு மாறினால் மருந்தே மாறிவிடும்.

அளவு ஏன் முக்கியம்?

பேதியில் தண்ணீர் மட்டும் போவதில்லை. உடம்பிலுள்ள உப்புச் சத்தும் சேர்ந்து போகிறது. சிறு குழந்தைக்கு இந்த நீரிழப்புதான் உயிருக்கு ஆபத்து. வெறும் தண்ணீர் கொடுத்தால் உப்பின் இழப்பு ஈடாகாது. பேதியின்போதும் குடலில் ஒரு வழி திறந்தே இருக்கும்: குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூட அழைத்துச் செல்லும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும்.

இரண்டும் சரியான அளவில் இருந்தால்தான் இது நடக்கும். கரைசல் கெட்டியானால் உடம்பில் உப்பு அளவுக்கு மீறும். சர்க்கரை மிகுந்தால் குடல் இன்னும் தண்ணீரை வெளியே இழுத்து, பேதி அதிகமாகும். தண்ணீர் கூடிப்போனால் பலன் குறையும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து பாக்கெட் போட்டு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அங்கே சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடிக்கக் கொடுத்தவர்களில் நோயாளிகளின் சொந்தக்காரர்களும் உண்டு. 2023-ல், அவர் மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

சரி, எப்படிக் கலக்குவது?

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. சின்ன பாக்கெட் 200 மி.லி.க்கு.
3. கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து எடுங்கள். அளவுப் பாத்திரம் இல்லையா? சுத்தமான 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும்.
4. பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். பாதி வேண்டாம். சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்க வேண்டாம்.
5. மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் கைக்கு வரும்வரை: 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

எவ்வளவு கொடுப்பது?

ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும்:

- 2 மாதம் முதல் 2 வயது வரை: 50 முதல் 100 மி.லி.
- 2 முதல் 5 வயது வரை: 100 முதல் 200 மி.லி.
- 2 மாதத்துக்கும் குறைந்த குழந்தை: உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பாலாடையிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். "குடுத்ததெல்லாம் வாந்தி எடுத்துட்டான்" என்று நிறுத்திவிட வேண்டாம். செல்போனில் 10 நிமிட டைமர் வையுங்கள். மணி அடித்ததும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாக ஆரம்பியுங்கள்.

கூடவே துத்தநாக மாத்திரை

6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி.; 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி. மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரில் அல்லது தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். 14 நாளுக்கும் போனில் அலாரம் வைத்துவிட்டால் மறக்காது.

நம்ம வீட்டுப் பேச்சு

- "பல்லு முளைக்குது, அதான் பேதி." இல்லை. பேதிக்குக் காரணம் பெரும்பாலும் கிருமி.
- "தண்ணி குடுத்தா இன்னும் போகும்." கொடுக்காவிட்டால்தான் ஆபத்து.
- "வயிறு காயட்டும்." வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பெரிய குழந்தைக்குக் கஞ்சி, இட்லி, தயிர் சாதம் கொடுக்கலாம்.
- "பேதியை நிறுத்துற மாத்திரை குடுங்க." பெரியவர்கள் போடும் அந்த மாத்திரை சிறு குழந்தைக்கு ஆகாது. ஆன்டிபயாடிக்கும் டாக்டர் சொன்னால் மட்டுமே.

கடையில் விற்கும் இனிப்புப் பானங்களும் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை

- கண் குழி விழுந்திருப்பது, அழுதால் கண்ணீர் வராதது
- 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது
- துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது
- எதையும் குடிக்க முடியாதது, அல்லது தாகத்தில் பறந்து பறந்து குடிப்பது
- மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, கடும் காய்ச்சல்
- வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்கு வருவது

போகும் வழியிலும் குழந்தை விழித்திருந்து விழுங்க முடிந்தால், ஸ்பூன் ஸ்பூனாகக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

எங்கே கிடைக்கும்?

ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அரசு மருத்துவமனைகளில் ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை இரண்டும் இலவசம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். பேதி வருமுன் காக்க, 6, 10, 14 வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் அரசு மையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

இன்றைக்கே இரண்டு பாக்கெட் வாங்கி, பக்கத்திலேயே ஒரு 1 லிட்டர் பாட்டிலையும் வைத்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தேட வேண்டியிருக்காது.