இன்னும் கெடாதவற்றின் கணக்கு

அன்புள்ள கயல்,

நாடுகாணியில் மழை பிடித்து மரம் சாய்ந்தால் கரன்ட் போய்விடுகிறது. டீசல் தீர்ந்ததும் செல்போன் டவரும் படுத்துவிடுகிறது. அங்கே ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தை வைத்தால் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்டிருந்தாய். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ. மையம் இத்தகைய மின்கலங்களை உருவாக்குகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். அவர்களுக்கும் உன் கேள்விதான் பெரிய கேள்வி.

ஒரு கலம் ஓடும்போது தருவது ஏறத்தாழ 0.6, 0.7 வோல்ட். அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். ஒன்று துளைவிட்டாலும் அடுக்கையே நிறுத்த வேண்டிவரும். ஒரு கலம் ஒரு வருஷம் தாங்க 99.9 சதவீத வாய்ப்பு, ஒன்றின் பழுது மற்றதைப் பாதிக்காது என்று வைத்துக்கொள். 400 கலங்களுக்கு 0.999-ஐ 400 முறை பெருக்கு. 0.67 வரும். மூன்றில் ஓர் அடுக்கு வருஷம் முடியுமுன்னே நின்றுவிடும்!

துளை விழாத கலமும் தேயும். ஓட ஓட, வினையைத் தூண்டும் பிளாட்டினத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, வினை நடக்கும் பரப்பு குறைகிறது, வாயுக்களைப் பிரிக்கும் சவ்வும் மெலிகிறது. நிறுத்தி மறுபடி கிளப்பும்போதோ, ஹைட்ரஜன் பக்கம் புகுந்த காற்றால், பிளாட்டினத்தைத் தாங்கும் கரியே அரிக்கப்படுகிறது. ஆகவே ரயிலுக்கு ஓடிய மணிநேரமும் சுமையின் ஏற்ற இறக்கமும் முக்கியம். எப்போதாவது ஓடும் டவர் மின்கலத்துக்கு, எத்தனை முறை கிளப்பினோம் என்பதையும் எண்ணியாக வேண்டும்.

இனி, பலர் தவறும் இடம். மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் ஆயுள் முடிந்ததென்று கொள்வது வழக்கம். 20 அடுக்குகளை 5,000 மணிநேரம் ஓட்டியதில் 6 அந்த எல்லையைத் தொட்டன என்று வை. அந்த ஆறின் சராசரியை ஆயுள் என்று எழுதாதே. மீதி 14-ம் சாட்சி சொல்கின்றன: 'எங்கள் ஆயுள் 5,000-க்கு மேல்.' அதையும் சேர்த்துத்தான் வளைகோடு பொருத்த வேண்டும்.

அதற்குப் பெரிதும் பயன்படுவது, ஸ்வீடன் பொறியாளர் வைபுல் 1951-இல் விளக்கி எழுதிய பரவல். அதன் வடிவ எண்ணை முதலில் பார். 1-க்குக் கீழே என்றால் தயாரிப்புக் குறை. ஆரம்பத்திலேயே சோதித்துக் கழிக்கலாம். 1 என்றால் பழையதும் புதியதும் ஒன்றே. காலம் பார்த்து மாற்றுவது வீண் செலவு. 1-ஐ நன்றாகத் தாண்டினால் தேய்மானம். மழைக்காலம் வருமுன் மாற்றிவிடுவது நல்லது.

அன்புடன்,
சித்தப்பா