பிரீதர் குழாயை மாற்றிப் போடுமுன் சில குறிப்புகள்

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் இல்லாத வீடு அரிது. வேலைக்காட்டுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் அதுதான் துணை. ஏர் ஃபில்டர் பெட்டியில் எண்ணெய் தேங்கிவிட்டால், எஞ்சினிலிருந்து அங்கே போகும் ‘பிரீதர்’ என்ற ரப்பர் குழாயைப் பிடுங்கித் தரையை நோக்கித் தொங்கவிடுவது பலருடைய வழக்கம். ஒய்15 வைத்திருக்கும் பிள்ளைகள் கடையில் அந்த எண்ணெயைப் பிடித்து வைக்கும் கேட்ச் டேங்க் வாங்கி மாட்டுகிறார்கள். குழாயின் வழியை மாற்றலாம், தவறில்லை. ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

1. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியிலிருக்கும் காற்று எங்காவது போயாக வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு 100 தடவை நடக்கிறது. ரிங்கைத் தாண்டிக் கசியும் புகை, எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, எண்ணெய்த் துளி எல்லாம் அந்தக் காற்றோடு கலந்து வருகின்றன. அந்தக் காலத்துக் கார்களில் இதை அப்படியே ரோட்டில் விட்டுவிடுவார்கள். கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து அதை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கத் தொடங்கினார்கள். நம் மோட்டாரில் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போவதும் அதற்காகத்தான். தரையில் தொங்கவிட்டால், காலையில் லய வாசலில் மோட்டாரைச் சூடேற்றும்போது அந்த ஆவியை இழுப்பவர்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள்தான். என்னைக் கேட்டால், டேங்க் வைத்தாலும் அதன் வெளிக்குழாயை மறுபடியும் ஏர் ஃபில்டர் பெட்டியிலேயே சேருங்கள்.

2. குழாயில் கை வைக்குமுன் எண்ணெய் அளவைப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தொல்லை இங்கேதான். 1 லிட்டர் பாட்டிலை வாங்கி முழுதும் ஊற்றிவிடுகிறார்கள். ஈஎக்ஸ்5 போன்ற வண்டிக்கு எண்ணெய் மாற்றும்போது அவ்வளவு தேவையில்லை. கூடுதல் எண்ணெய் பிரீதர் வழியாகத்தான் வெளியேறும். நடு ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுகோலைத் துடைத்து வையுங்கள். ஹோண்டா காப்சாய்களில் அதைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டைப் பாருங்கள்.

3. பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்று இருக்கும். மழையில் ஓட்டிய பிறகும், வண்டியைக் கழுவிய பிறகும், வண்டி கீழே விழுந்த பிறகும் அதைத் திறந்து வடித்துவிடுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பல வீடுகளில் டேங்க் வாங்கும் தேவையே வராது.

4. எண்ணெய் அளவு சரியாக இருந்தும் பெட்டி நனைகிறதா? எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங்கில் குழாயின் முனையைக் கழற்றிப் பாருங்கள். லேசாகத் துடித்துக் காற்று வந்தால் சரி. நீலப் புகை கட்டியாக வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. குழாயை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது குணமாகாது. போமனிடம் காட்டி சிலிண்டர் வேலை பார்க்க வேண்டும். செம்பனைப் பழக்குலை ஏற்றி முதல் கியரிலேயே மேடு ஏறும் வண்டிகளுக்கு இந்த நிலை சீக்கிரம் வரும்.

5. எந்தக் காரணத்துக்காகவும் பிரீதரை அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் அது பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். முதலில் ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஓயில் சீல் கசியும். பிறகு எண்ணெய் செயினில் வழிந்து பின் டயருக்குப் போகும். மழை ரோட்டில் அது உயிருக்கே ஆபத்து.

6. புதிய குழாய் போடுவதென்றால் எண்ணெயும் சூடும் தாங்கும் ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். மீன் தொட்டிக்குப் போடும் தெளிந்த குழாய் வேண்டாம். எஞ்சின் சூட்டில் நசுங்கி அடைத்துக்கொள்ளும். உள்விட்டம் பழைய குழாயின் அளவே இருக்க வேண்டும், குறையக் கூடாது. எஞ்சினிலிருந்து கிளம்பியதும் குழாய் மேல்நோக்கி ஏறட்டும். அப்போதுதான் குளிர்ந்த எண்ணெய்த் துளி தானாக எஞ்சினுக்கே வடியும். நடுவில் தொய்ந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் எண்ணெயும் நின்று வழியை மறிக்கும். புகைக்குழாய், செயின் இரண்டையும் தொடாமல் கொண்டு போங்கள்.

கேட்ச் டேங்க் போடுவதென்றால் அதை எஞ்சினின் பிரீதர் வாயைவிட உயரத்தில் மாட்டுங்கள். உள்வழி ஒன்றும் வெளிவழி ஒன்றும் கட்டாயம். வெறும் டப்பாவில் எண்ணெய் நிற்காது, புகையோடு பறந்துவிடும். உள்ளே தடுப்புத் தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒருவழி வால்வு சேர்ப்பவர்கள் அதன் திசையை ஊதிப் பார்த்தே பொருத்த வேண்டும். சென்னை திருவொற்றியூரில் செய்து வந்த பழைய புல்லட்டில் வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு இதற்காகத்தான் இருந்தது: காற்று வெளியே போகும், உள்ளே திரும்பாது. தலைகீழாக மாட்டினால் ஐந்தாம் குறிப்பில் சொன்ன கதிதான்.

7. பழைய குழாயைக் கழற்றிவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியில் இருக்கும் ஓட்டையைத் திறந்தே விடுபவர்கள் உண்டு. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மலாக்கா மாநிலத்தின் செம்மண் சரளை மண் பெயர் பெற்றது. மண் நூல்களில் ஒரு மண் வகைக்கே மலாக்காவின் பெயர் உண்டு. வெயில் காலத்தில் தோட்டப் பாதையில் லாரி ஒன்று போனால் போதும், அந்தத் தூசு எங்கும் படியும். ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குள் நுழைந்தால் சிலிண்டரை அரம் போல அராவிவிடும். குழாயை அங்கே திரும்பச் சேர்க்காவிட்டால், ஓட்டைக்கு நல்ல ரப்பர் மூடி போட்டு, கிளிப்பால் இறுக்குங்கள். வெளியே விடும் குழாயின் முனையிலும் சின்ன ஃபில்டர் வேண்டும்.

8. முனை தாழ்வாக இருந்தால் தண்ணீரில் ஆபத்து. சூடான எஞ்சின் தண்ணீரில் அணைந்தால் உள்ளே காற்று சுருங்கி, குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெள்ளத்தில் நின்ற வண்டியை உதைத்துக் கிளப்பாதீர்கள். முதலில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தால் வடித்து மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

9. எண்ணெய் மூடியில் மட்டும் வெள்ளைக் களிம்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். லயத்திலிருந்து வேலைக்காடு வரை மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை; நீராவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயோடு கலக்கிறது. வாரத்தில் ஒரு நாள் டவுன் வரை ஓட்டிவிட்டு வந்தால் போய்விடும். ஆனால் ஒய்15 தண்ணீரால் குளிரும் எஞ்சின். அதில் களிம்பு கண்டால் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று உடனே பாருங்கள். தண்ணீர்ப் பம்ப் சீல் போயிருக்கலாம்.

10. ஆர்எக்ஸ்இசட், ஒய்125இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தா. அவற்றில் பெட்ரோல் கலவையே கிராங்க் பெட்டி வழியாகத்தான் போகிறது, அங்கே பிரீதர் கிடையாது. நீங்கள் பார்க்கும் சின்னக் குழாய் கியர் பெட்டிக்கானது.

11. டேங்க்கில் சேர்ந்ததை எண்ணெய் மாற்றும்போதெல்லாம் காலி செய்யுங்கள். பெட்ரோலும் தண்ணீரும் கலந்த அந்தக் கலவையைத் திரும்ப எஞ்சினில் ஊற்றக் கூடாது. டிச்சிலும் ஊற்றக் கூடாது. டுரியான் துங்கால், ஜுஸ், அசகான் நீர்த்தேக்கங்களுக்கு வரும் தண்ணீர் தோட்டங்களும் கம்பங்களும் சூழ்ந்த நிலத்திலிருந்து இறங்குவது, அதைத்தான் குடிக்கிறோம். 2005ஆம் ஆண்டின் கழிவு விதிகளில் பழைய எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் இருக்கிறது. ஒரு பழைய எண்ணெய் பாட்டிலில் சேர்த்து வைத்து, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அங்குள்ள கழிவு எண்ணெய்த் தோம்பில் ஊற்றிவிட்டு வாருங்கள்.