ஓடு பிரிக்க எந்த மாதம்?

அன்புள்ள யாழினி,

உன் கேள்விக்கு நேர் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் உன் வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்துப் போட, அக்டோபர் பாதிக்கு மேல் நவம்பர் கடைசி வரை உள்ள ஆறு வாரம்தான் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் மார்ச், ஏப்ரல். ஆனால் அக்டோபரில் வேலை நடக்க வேண்டுமென்றால் ஆளைப் பிடிக்க வேண்டியது இப்போதே, இந்த ஏப்ரலிலேயே. கடிதம் நீள்வதற்குக் காரணம் அந்தக் கடைசி விஷயம்தான்.

ஊரிலிருந்து அண்ணன் போனில் "கோடையிலேயே முடித்துவிடு" என்றாராம். அது ஊர்க் கணக்கு. அங்கே சரியான கணக்கும்கூட. கீற்றுக் கூரையை மேய்வதும், ஓட்டு வீட்டில் உடைந்ததைக் கழித்து மாற்றி அடுக்குவதும் மழைக்கு முந்திய கோடையில் செய்கிற வேலைகள். அறுவடை முடிந்திருக்கும், ஆள் கிடைக்கும், மேகம் இருக்காது. அதே கணக்கை இங்கே போட்டால் ஜூன் வரும். பீனிக்ஸில் வருஷத்திலேயே மழை குறைந்த மாதம் ஜூன்தான், சராசரி 0.02 அங்குலம், அதாவது மழையே இல்லை என்று வைத்துக்கொள். மழையை மட்டும் பார்த்தால் ஜூனை மிஞ்ச மாதமில்லை. அப்படியும் நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு முன், உன் கூரையில் மாற்றப்போவது எதை என்று தெளிவாக வேண்டும்.

"ஓடெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, எதற்கு மாற்றணும்?" என்று கேட்டிருந்தாய். ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. காங்கிரீட் ஓடு ஐம்பது வருஷம் தாங்கும், அதற்கு மேலும் இருக்கும். ஆனால் ஓடு வெயிலைத்தான் வாங்கிக்கொள்கிறது. தண்ணீரை நிறுத்துவது அதற்கு அடியில், பலகையின் மேல் விரித்திருக்கும் தார்த்தாள். காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை ஓட்டு இடுக்கில் நுழைந்துவிடும். நுழைந்த தண்ணீர் தாளின் மேல் வழிந்து விளிம்பில் வடிய வேண்டும். 1998ல் கட்டிய வீடு உன்னுடையது. இத்தனை கோடையில் அந்தத் தாளில் இருந்த எண்ணெய்ப் பசை முழுக்க வற்றியிருக்கும். வீட்டு ஆய்வு வேலையில் நான் முதலில் செய்வது, தெற்கோ மேற்கோ பார்த்த சரிவில் விளிம்பு ஓடு ஒன்றைத் தூக்கித் தாளைத் தொட்டுப் பார்ப்பதுதான். நல்ல தாள் வளையும். ஆயுசு முடிந்த தாள் அப்பளமாக நொறுங்கும், ஆணியைச் சுற்றிக் கிழிந்திருக்கும். வெயில் அதிகம் வாங்குகிற சரிவில் இது முந்தி வரும். வடக்குச் சரிவை மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவரை நம்பாதே. இரண்டு சரிவு கூடும் பள்ளத்திலும் பார்க்கச் சொல். பாலோவெர்டே மரத்துப் பூவும் சருகும், புறாக் கூட்டுக் குப்பையும் அங்கேதான் அடைத்துக்கொண்டு தண்ணீரைத் தேக்கும்.

ஆகவே உன் வீட்டில் நடக்கப்போவது ஓட்டைத் தூக்கி அடுக்கி, பழைய தாளை உரித்து, கெட்ட பலகையை மாற்றி, புதுத் தாள் விரித்து, அதே ஓட்டைத் திரும்ப வைப்பது. இடையில் சில நாள் உன் வீட்டுக்கும் வானத்துக்கும் நடுவே வெறும் பலகையும் ஒரு சுருள் தாளும்தான். பருவம் பார்ப்பது அந்தச் சில நாளுக்காகத்தான்.

இப்போது ஜூனுக்கு வருகிறேன். 2023ல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரிக்குக் குறையவில்லை. ஊர்க் கணக்கில் 43. மறு வருஷம் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 113 நாள் போனது. இதெல்லாம் நிழலில் அளந்த கணக்கு. கூரையின் மேற்பரப்பு அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். காலை பத்து மணிக்கு மேல் ஓட்டில் முட்டி போட முடியாது. ஆட்கள் விடியுமுன் ஏறி, மதியத்துக்கு முன் இறங்கிவிடுவார்கள். நான்கு நாள் வேலை ஏழு நாளாகும். கடைசி ஒரு மணி நேரத்தில் அடித்த ஆணிகள் எப்படி இருக்கும் என்று நீயே யோசி. சாமானும் கெடும். ஒட்டும் பின்புறமுள்ள புது வகைத் தாளைச் சூடான பலகையில் வைத்தால் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், இழுத்துச் சரிசெய்ய முடியாது. உன் பக்கத்து வீட்டு ஷிங்கிள் கூரையாக இருந்தால் இன்னும் மோசம்; இளகிய ஷிங்கிள் மேல் நடந்தால் பூட்ஸ் தடம் பதிந்து, மேலே உள்ள துகள் உதிரும். சாமானை விடு, மனிதரைப் பார். 2023ல் உங்கள் மாரிகோப்பா கவுன்ட்டியில் வெயில் தொடர்பான சாவு 645. வேறு வழி இருக்கும்போது ஒருவரை ஜூலை மதியம் என் கூரை மேல் ஏற்றுவதற்கு எனக்கு மனசு வராது. சிக்கனம் பார்த்துச் சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

சோனோரா பாலைவனத்துக்கு ஐந்து பருவம் என்று இங்கே எண்ணுவார்கள். வசந்தம், வறண்ட முன்கோடை, மழைக்கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். கோடையை இரண்டாகப் பிரித்ததில் அர்த்தம் இருக்கிறது. வானிலைத் துறை மான்சூன் என்று குறித்திருப்பது ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. இந்த மழையின் அளவைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை அங்குலம். ஜனவரி முதல் மார்ச் வரை பெய்வதும் கிட்டத்தட்ட அவ்வளவே. வித்தியாசம் வருகிற விதத்தில். குளிர்கால மழை பசிபிக் பக்கமிருந்து வரும். நாலைந்து நாளுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். சாதுவாகத் தூறிவிட்டுப் போகும். மான்சூன் மழை மதியம் வரை நீலமாக இருந்த வானத்தில் மாலை எழும். முதலில் புழுதிச் சுவர், பிறகு காற்று, பிறகு அரை மணி நேரம் கொட்டல். அடுத்த தெருவில் ஒரு சொட்டு இருக்காது. காலையில் உரித்த கூரையை அந்தக் காற்றுக்கு முன் மூட முடியுமா என்பது தினம் ஒரு சூதாட்டம். தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம் என்பார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் அடிக்கிற காற்று தார்ப்பாயை என்ன செய்யும் என்று டூசானில் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்களுக்கு உங்களைவிட மழை அதிகம்.

"அப்படியானால் அக்டோபர் முதல் தேதியே ஆரம்பிக்கலாமே?" என்பாய். நான் பாதி அக்டோபர் என்று சொன்னது சும்மா இல்லை. மெக்சிகோ பக்கம் கரையேறும் பசிபிக் புயல்களின் எச்சம் இங்கே வந்து சேர்வது செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும்தான். 2014 செப்டம்பர் 8 அன்று பீனிக்ஸில் ஒரே நாளில் 3 அங்குலத்துக்கு மேல் பெய்தது. வருஷ சராசரியே 7 அங்குலத்தை ஒட்டித்தான். 2018 அக்டோபர் 2 அன்று ரோசா புயலின் எச்சம் 2 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. 2010 அக்டோபர் 5 அன்று வந்தது ஆலங்கட்டி. நகரத்தில் எத்தனையோ கூரைகள் நொறுங்கின. இதெல்லாம் அபூர்வம் என்றாலும், ஒரு பதினைந்து நாள் பொறுத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். அதற்குப் பிறகு பகலில், ஊர்க் கணக்கில், முப்பது டிகிரியை ஒட்டிய வெயில், நவம்பரில் இருபத்தைந்து. தாள் இளகாமல் நன்றாக ஒட்டும், ஆள் முழு நாள் வேலை செய்வார், காற்றும் அடங்கியிருக்கும்.

டிசம்பர், ஜனவரியை நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஓட்டு வீட்டுக்கு அது நல்ல மாதம்தான். பகல் பத்து மணி நேரம்தான், காலையில் பனி ஈரம் காய வேண்டும், வானிலை பார்த்து நாள் குறிக்க வேண்டும், அவ்வளவே. அப்போது கூரைக்காரர்களுக்கு நெருக்கடி குறைவு, விலை பேசவும் இடம் இருக்கும். ஷிங்கிள் வீடென்றால் யோசிப்பேன். ஷிங்கிளின் அடியில் உள்ள பசைப் பட்டை வெயில் சூட்டில் இளகித்தான் ஒன்றோடொன்று பிடிக்கும். குளிரில் அது தாமதமாகும்.

உன் பின்கட்டில் தட்டையான பேட்டியோ கூரை ஒன்று இருக்கிறதே, அது ஃபோம். அதற்குக் கணக்கே வேறு. ஃபோமைத் தெளிக்கும்போது அடியில் துளி ஈரம் இருக்கக் கூடாது, காற்றும் இருக்கக் கூடாது. மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் காற்றடித்தால் நல்ல ஆள் மிஷினை நிறுத்திவிடுவார். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கார் முழுக்கப் புள்ளி விழும். அதனால் வசந்தத்தில், காற்று அதிகம் வீசுகிற வாரங்களில், அதை வைக்காதே. மேலே பூசும் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் தண்ணீர் கலந்த வகை. குளிர்ந்த இரவில் உலராது. ஃபோமுக்கும் அக்டோபர் கடைசிதான் தோது. ஓட்டு வேலையோடு சேர்த்தே முடித்துவிடலாம்.

சரி, இவ்வளவு தெரிந்த விஷயமானால் எல்லோரும் அக்டோபரில் செய்துவிடமாட்டார்களா? செய்யத்தான் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான். மேலே தாள் செத்துப்போனது ஜூலை முதல் மழையில்தான் சீலிங்கில் மஞ்சள் கறையாகத் தெரியும். அன்றைக்குத்தான் மொத்த ஊரும் போனை எடுக்கும். நல்ல கூரைக்காரரின் அக்டோபர், நவம்பர் முழுவதும் அந்த ஜூலை, ஆகஸ்ட் போன்களால் நிரம்பிவிடும். மிச்சம் கிடைப்பவர் யார் என்று யோசித்துக்கொள். ஏப்ரலில் நீ கூப்பிட்டால் அவரே வந்து ஏறிப் பார்ப்பார், நிதானமாக எஸ்டிமேட் எழுதுவார், உன் தேதியை எழுதிவைப்பார்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. இப்போது பார்க்கும்போதே தாள் கிழிந்து பலகை தெரிகிறது என்று சொன்னால் அக்டோபருக்குக் காத்திருக்காதே. மே மாதம் வெயிலோடு செய்தாலும் பரவாயில்லை, மான்சூனுக்கு முன் முடித்துவிடு. அவ்வளவு மோசமில்லை, பள்ளத்தில் மட்டும்தான் கோளாறு என்றால் அந்த இடத்தை மட்டும் பிரித்து ஒட்டிக்கொண்டு கோடையைத் தாண்டலாம். மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். மூவரும் கூரையில் எடுத்த போட்டோவைக் காட்டவேண்டும் என்று கேள். கீழே நின்று விலை சொல்கிறவரை அப்படியே அனுப்பிவிடு.

உன் வீட்டில் சோலார் வேறு இருக்கிறது. பேனலைக் கழற்றுவதும் மாட்டுவதும் கூரைக்காரர் வேலை இல்லை, அவர் கை வைத்தால் வாரன்டி போய்விடலாம். சோலார் கம்பெனி ஆள் வர வேண்டும். இரண்டு பேரின் தேதியும் பொருந்தாமல் மாதக்கணக்கில் பேனல் கராஜில் கிடக்கும் வீடுகள் உண்டு. இதற்கும் அக்டோபர்தான் கை கொடுக்கும்: ஏசி ஓய்ந்திருக்கும், பேனல் இல்லாவிட்டாலும் கரன்ட் பில் கையைக் கடிக்காது. குடியிருப்போர் சங்கத்துக்கு இப்போதே ஒரு கடிதம் போட்டுவை. உடைகிற ஓட்டுக்கு அதே நிறம் கிடைக்காமல் வேறு வாங்க வேண்டி வந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும். அவர்கள் கூட்டம் மாதம் ஒருமுறைதான் நடக்கும்.

ஒப்பந்தம் போடும் முன் அரிசோனா ஒப்பந்ததாரர் பதிவகத்தின் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார். வீட்டுக் கூரைக்கு ஆர்-42 வகை. புகார் இருந்தால் அங்கேயே தெரியும். ஆலங்கட்டி விழுந்த மறுநாள் கதவைத் தட்டி "இன்சூரன்ஸ் முழுக்கக் கொடுக்கும்" என்று சொல்கிறவரிடம் கையெழுத்துப் போட்டுவிடாதே. எஸ்டிமேட்டில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: கெட்ட பலகை ஒன்றுக்கு என்ன விலை, அன்றன்று உரித்த இடத்தை அன்றே புதுத் தாள் போட்டு மூடுவார்களா. இரண்டாவதற்கு மழுப்பினால் எந்த மாதமானாலும் அவர் வேண்டாம்.

வேலை ஆரம்பிக்கும் முந்தின ராத்திரியே காரைத் தெருவில் நிறுத்திவிடு. குப்பைத் தொட்டி லாரி வந்து டிரைவ்வேயில் நின்றுவிட்டால் நாள் முழுக்க எடுக்க முடியாது. முடிந்த பிறகு காந்தம் உருட்டி ஆணி பொறுக்கச் சொல்வதையும் மறந்துவிடாதே. அவர்கள் உருட்டினாலும் குட்டிப் பையன் வெறுங்காலோடு ஓடுகிற இடத்தை நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

மூன்று எஸ்டிமேட்டும் வந்ததும் போட்டோவோடு எனக்கு அனுப்பு. படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா
டூசான்