ஓலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சென்னைப் பயணம்

மயிலாப்பூர்

அன்புள்ள மலர்விழிக்கு,

அரையாண்டு விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் பொதிகை ரயிலில் புறப்பட்டு வரப்போவதாக அண்ணன் சொன்னான். நீ எழுதி அனுப்பிய பட்டியலும் வந்தது. இரண்டு நாளில் பதினைந்து இடம்! அப்படிப் பார்த்தால் ஊருக்குப் போனபின் கைப்பேசியில் படங்கள் மட்டும்தான் மிஞ்சும். உனக்குத் தமிழ் பிடிக்கும் என்பதால் வேறொரு வழி சொல்கிறேன். ஒரு நாளை மட்டும் என்னிடம் விட்டுவிடு. பனையோலையை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த ஊரைச் சுற்றுவோம்.

காலையில் கபாலீசுவரர் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. நாம் இன்று பார்க்கும் கோயில் அதற்கு எத்தனையோ காலம் பிந்தியது. ஆனால் சம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவையை நினைத்துப் பாடிய பதிகம் அப்படியே நம் கையில் இருக்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இவ்வூரின் விழாக்களை அது வரிசையாகச் சொல்லும். கல் கட்டடம் போய்விட்டது, ஓலையில் எழுதிய பாட்டு நின்றுவிட்டது. பங்குனியில் மாட வீதி கொள்ளாத கூட்டத்தோடு அறுபத்துமூவர் புறப்படும்போது, ஆயிரத்துமுந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பதிகத்தின் ஊரில்தான் நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

அங்கிருந்து பெசன்ட் நகர் போவோம். கலாசேத்திரா காலனியில், அருண்டேல் கடற்கரைச் சாலையில், டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. உன் பட்டியலில் இது இல்லை, பெரும்பாலான சுற்றுலாப் பட்டியல்களிலும் இருக்காது. பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. 1942இல் காலமானார். அவர் சேர்த்து வைத்த சுவடிகளும் புத்தகங்களும் சிதறிவிடக் கூடாதென்று ருக்மிணி தேவி அருண்டேல் 1943இல் இதைத் தொடங்கினார். ஆய்வாளர்கள் உட்கார்ந்து படிக்கிற இடம் இது. முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் போவோம். சத்தம் கூடாது என்று தம்பியிடம் இப்போதே சொல்லி வை.

ஓர் ஏட்டை அருகில் பார்க்க வாய்த்தால் எழுத்தைக் கவனி. எழுத்தாணியால் கீறி எழுதியது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, குத்தினால் ஓலை கிழிந்துவிடும். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல் பிரித்திருக்காது. நீ பாடப்புத்தகத்தில் அடி அடியாகப் படிக்கிற செய்யுள், ஏட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாமல் ஓடும். செல்லரித்த இடத்தில் சொல்லே இருக்காது. பல பிரதிகளை வைத்து ஒப்பிட்டு, எது சரியான பாடம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தீர்மானிக்க வேண்டும். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் உ.வே.சா.விடம் சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டதில் தொடங்கிய வேலை இது. 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று ஒவ்வொன்றாக அச்சேறின.

உங்கள் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூருக்கும் உ.வே.சா. ஏடு தேடிப் போனார். பாண்டியர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் அங்கே கோயிலில் இருந்தன. அவர் போவதற்குள், பழுதான ஏடுகளை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி ஓமத் தீயில் போட்டுவிட்டார்கள். அதில் என்னென்ன நூல்கள் போயினவோ! உன் ஊர்ப்பக்கத்தில் நடந்தது இது. நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

மாலையில் மெரினா. 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரைச் சாலையில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்கள். கையில் சிலம்போடு கண்ணகி நிற்பாள். இளங்கோவடிகளும் உண்டு. எதிர்ப்பக்கம் மாநிலக் கல்லூரி. 1903 முதல் 1919 வரை உ.வே.சா. அங்கே தமிழாசிரியர். அவருடைய சிலை 1948இலேயே அங்கே வந்துவிட்டது. அவரையும் கண்ணகியையும் ஒரே மாலையில் பார்த்துவிட வேண்டும். அன்று அவர் செல்லரித்த ஏடுகளோடு போராடாமல் இருந்திருந்தால், இன்று கண்ணகியை இப்படி ஊரறிய நிறுத்தியிருப்போமா?

அப்படியே திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்தால், உ.வே.சா. வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ இருந்த இடம். கும்பகோணம் கல்லூரியில் தமக்குப் பின் தமிழாசிரியர் வேலை உ.வே.சா.வுக்கே கிடைக்கும்படி செய்த தியாகராச செட்டியாரின் பெயரை வீட்டுக்கு வைத்திருந்தார். 2012இல் அதை இடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நினைவில்லமாக வைத்திருந்தால் உன்னைப் போன்ற பிள்ளைகள் அவர் உட்கார்ந்து எழுதிய அறைக்குள்ளேயே போயிருக்கலாம். வீடு இல்லாவிட்டாலும் அந்தத் தெருவை உனக்குக் காட்டத்தான் போகிறேன்.

மறுநாள் உங்கள் விருப்பம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செப்புத்திருமேனிக் கூடத்துக்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். திருவாலங்காட்டு நடராசரைச் சுற்றி வந்து முதுகுப்புறமும் பார். அண்ணி பட்டுப்புடவை எடுக்கத் தி.நகர் போகாமல் விடமாட்டாள். அங்கே நீ அலுத்துக்கொள்ள வேண்டாம். பனகல் பூங்காவைச் சுற்றியிருக்கிற அந்தப் பகுதி 1920களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கியது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

வருவதற்குள் ஒரு வேலை. உ.வே.சா. தம் கதையைத் தாமே எழுதிய ‘என் சரித்திரம்’ உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கும். பெரிய புத்தகம், முழுவதும் படிக்க நேரமிராது. சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிற பகுதியை மட்டும் படித்துவிட்டு வா. ரயில் எந்தத் தேதி என்று உறுதியானதும் எழுது. நூல்நிலையத்தில் நான் கேட்டு வைக்க வேண்டும்.

உன் அன்பு அத்தை