பின்கட்டில் வாழும் பிள்ளை

மன்னார்புரம் போன்ற பகுதிகளில் பின்புறம் ஓர் அறையோடு கூடிய தனி வீடுகள் இன்னும் சில உண்டு. மனநோயுற்ற வயதுவந்த மகனுக்கோ மகளுக்கோ அவ்வறையை ஒதுக்க எண்ணும் பெற்றோர் நம்மிடம் கேட்பது, "எங்கள் காலத்திற்குப் பின் என்ன ஆகும்?" என்பதே. நாம் முதலில் கேட்பது வேறு: அவ்வறையின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். உறவினரைக் கொடியவர் என்று நாம் சொல்லத் துணியோம். வழியறியாது கைவிட்டோரே பலர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுதலை எவ்வடிவிலும் தடுக்கிறது. சமூகத்தின் நடுவே வாழும் உரிமையையும் அளிக்கிறது.

சென்னையின் பான்யன் நிறுவனம், காப்பகத்தில் நெடுநாள் இருந்த பெண்களை 2015 முதல் நாலைந்து பேராகச் சாதாரணத் தெரு வீடுகளில் குடியமர்த்தி வருகிறது. அவர்கள் கடைக்குப் போகின்றனர், சமைக்கின்றனர், துணைக்கு உதவியாளரும் உண்டு. பின்கட்டு அறைக்கும் இதுவே இலக்கணம். சாவி பிள்ளையின் கையில் இருக்கட்டும். உணவு எல்லோருடனும் ஒரே கூடத்தில் நிகழட்டும். தட்டை வாசற்படியில் வைத்துத் திரும்புவது வீட்டுக்குள்ளேயே ஒரு காப்பகம் நடத்துவதாகும். மருந்து தவறாமல் பார்ப்பது பெரியோர் கடன்.

இனிச் சொத்து. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் ஜைனராகிய நமக்கும் பொருந்தும். நோய் காரணமாக எவரும் வாரிசுரிமை இழப்பதில்லை என்கிறது அதன் 28ஆம் பிரிவு. "அவனுக்கு எதற்குப் பங்கு?" என்னும் உடன்பிறந்தார் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும் முழு உரிமையை அவர் பெயருக்கே எழுதிவைத்தால், எவரேனும் நயந்து பேசி ஒப்பம் வாங்கிவிடக்கூடும். ஆகவே, அப்பகுதியில் ஆயுள் பரியந்தம் குடியிருக்கும் பாத்தியம் அவருக்கு, அதன்பின் முழு உரிமை இன்னாருக்கு என உயிலிலோ செட்டில்மெண்ட் பத்திரத்திலோ வழக்கறிஞரைக் கொண்டு எழுதுக. உயிலுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். செட்டில்மெண்டைப் பதிவு செய்தே ஆகவேண்டும். வீட்டுவரியும் மின்கட்டணமும் யார் கட்டுவது என்பதையும் அதிலேயே குறித்து, மற்றப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படித்துக் காட்டுக.

இரவில் நிலைமை மிஞ்சினால் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு.