வீட்டுத் தோட்டத்திற்கு நாற்றுக் குடிலும் மண் கலக்கும் கொட்டகையும்

வீட்டுத் தோட்டம் வைத்துள்ள அங்கத்தினர் பலருக்குப் பசுமைக்குடில் ஒன்று அமைக்க வேண்டுமென்னும் ஆவல் உண்டாகியுள்ளது. ஆவல் நன்றே. எனினும், கடன் பெற்றுச் செலவிடுமுன் ஒன்றை ஆராய்தல் அவசியம். நம் நாற்றுக்கு வேண்டுவது வெப்பமா, நிழலா?

கண்ணாடி வீடு குளிர்நாட்டில் பிறந்தது. லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை எழுப்பப்பட்ட பனை மாளிகை, வெப்பநாட்டு மரங்கள் குளிரில் மடியாதிருக்கும்பொருட்டுக் கொதிகலன்களால் சூடேற்றப்பட்டது. கண்ணாடியினூடே புகும் வெயில் மண்ணைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்றோ வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. பாலித்தீன் தாளும் இதையே செய்யும். உதகையிலும் கொடைக்கானலிலும் பனியையும் பெருமழையையும் தடுக்க அது உதவும். ஈரோட்டிலோ மதுரையிலோ நாற்புறமும் தாள் போர்த்திய சிறு குடில் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். ஆதலின் சமவெளியில் நம் முதற் குடில் நிழல்வலைக் குடிலாகவே இருத்தல் வேண்டும். செலவும் அதற்கே குறைவு.

நிழல்வலை 35, 50, 75 சதவீத நிழல் தருவனவாகக் கடைகளில் கிடைக்கின்றது. காய்கறி நாற்றுக்கு 50 சதவீதம் போதும். நிழல் மிகுந்தால் நாற்று வெளிறி, நெடிதாய் வளர்ந்து சாய்ந்துவிடும். பக்கங்களில் ஓரங்குலத்திற்கு 40 கண் உள்ள பூச்சிவலை கட்டினால், தக்காளியில் இலைச்சுருளையும் வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயையும் பரப்பும் வெள்ளை ஈயைப் பெரிதும் தடுக்கலாம். இழைக்கணக்கு அறிந்த நெசவாளருக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை; அளவுகோல் வைத்து எண்ணிப் பார்த்தே வாங்குவர்.

அளவில்தான் பலர் ஏமாறுகின்றனர். 10 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட குடிலை எடுத்துக்கொள்வோம். நடுவே 2 அடி நடைபாதை. இருபுறமும் 3 அடி அகல மேடை. 98 குழி கொண்ட நாற்றுத் தட்டு ஏறக்குறைய 21 அங்குல நீளமும் 11 அங்குல அகலமும் உடையது. மேடைக்கு 15 தட்டுகளாக மொத்தம் 30 தட்டுகள் அமையும். அதாவது ஒரே முறையில் 2,940 நாற்றுகள்! ஒரு குடும்பத் தோட்டத்திற்கு இரண்டு தட்டுகளே மிகுதி. எனவே, நாற்று விற்கும் எண்ணமில்லாதவர் இதனினும் பெரிய குடிலுக்குக் கடன் கேட்பது விரயமே. விற்க எண்ணுவோர் அக்கம்பக்கத்துத் தேவையை முன்னதாகவே விசாரித்தறிதல் நலம்.

மண் கலக்கும் கொட்டகையைக் குடிலுக்கு மேற்கே அமைத்தால் பிற்பகல் வெயிலை அதுவே தடுக்கும். தரை அரையடி உயர்ந்திருக்கட்டும். நின்று வேலை செய்ய இடுப்பளவு உயரப் பலகை ஒன்றும், செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றிற்குத் தனித்தனி அறைகளும் தேவை. தொட்டிச் செடிகளுக்கு இவற்றை முறையே 2:1:1 என்னும் பங்கில் கலக்கலாம். நாற்றுத் தட்டுக்கு மக்கிய தென்னைநார்க் கழிவே உகந்தது. பூச்சிமருந்தை விதையுடன் வையாது, பிள்ளைகள் கைக்கெட்டாத பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.

நெசவாளர் இல்லங்களில் இன்னும் இரண்டு கவனிக்கத்தக்கன. மண்தூசி நூலைக் கெடுக்குமாதலால், தறிக்கூடத்திற்கும் நூல் உலர்த்தும் இடத்திற்கும் அருகே கொட்டகை ஆகாது. சாயத் தொட்டி நீரை நாற்றுக்கு ஒருபோதும் ஊற்றலாகாது. அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும். சாயக் கழிவு சேர்ந்து, நொய்யலாற்றின் ஒரத்துப்பாளையம் அணைநீர் பாசனத்திற்கு உதவாமற்போனதை நாம் கண்டோமன்றோ?

நீரைக் காலையில் ஊற்றுக. மாலை ஈரம் இரவெல்லாம் தங்கி நாற்றழுகலை வரவழைக்கும். விதைக்குமுன், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதும் அந்நோய்க்குத் தடையாகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். நிழலிலிருந்து நேரே வயலுக்குப் போன நாற்று வாடிவிடும்.

சவுக்குக் கால்களை நடுமுன் மண்ணுள் புதையும் பகுதிக்குத் தார் பூசுக. வலையை ஆணியடித்து நிலையாக இறுக்காமல், அவிழ்க்கத்தக்க கயிற்றால் கட்டுதலே சிறந்தது. 2011 டிசம்பரில் கடலூரையும் 2018 நவம்பரில் வேதாரண்யத்தையும் தாக்கிய புயல்களைக் கண்டவர் இதன் காரணத்தை அறிவர். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை கேட்டவுடன் வலையை அவிழ்த்துச் சுருட்டிக் கொட்டகைக்குள் வைத்துவிட்டால், காற்று கால்களினூடே கடந்துபோகும்.